சவரக்கத்தியில் பழகுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளேடு மாற்றும் வேலையே இல்லாத, மடக்கித் திறக்கும் பழைய பாணி சவரக்கத்தியில் நான் மழிக்கத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "கழுத்து அறுபடாதா?" என்பதுதான். அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் கழுத்தைவிட அதிகமாக நான் காயப்படுத்தியது, கத்தியின் கூரை நேர்செய்யத் தேய்க்கும் தோல்வாரைத்தான். இதில் கஷ்டம் முகத்தில் இல்லை, கத்தியின் கூரைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. கீழே உள்ளவற்றில் பாதி மற்றவர்கள் என்னிடம் கேட்டவை, பாதி முதல் வருடத்தில் நானே திண்டாடியவை.

சலூனில் வைத்திருக்கிறார்களே, அதுதானா இது?

பார்க்க அதுபோலவே இருக்கும், ஆனால் வேறு. இன்று நம் சலூன்களில் இருப்பது பிளேடு செருகும் கத்தி. இருபுறமும் கூருள்ள சாதாரண ரேசர் பிளேடைக் காகித உறையோடு மடக்கி டக்கென்று ஒடித்து, ஒரு பாதியைச் செருகிக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு பாதி, வேலை முடிந்ததும் குப்பைக்கு. முன்பு அங்கேயும் நிஜமான சவரக்கத்திதான் இருந்தது. ஒரே கத்தியை வாரில் நாலு தேய் தேய்த்துவிட்டு அடுத்தவர் கன்னத்தில் வைப்பார்கள். 1990களில் எய்ட்ஸ் பற்றிய பயமும் விழிப்பும் பரவியபின் அந்தப் பழக்கம் ஏறக்குறைய ஒழிந்தது. நல்லதுக்குத்தான். ரத்தத்தில் பரவும் மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கும் இது வழியாக இருந்தது. அதனால் முதல் விதி: உங்கள் கத்தி உங்களுக்கு மட்டும். தம்பி கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் அந்த அரை பிளேடு கத்தியிலேயே பழகலாமே? மலிவாயிற்றே?

பழகலாம். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். தீட்டும் கல்லும் வாரும் வேண்டாம், இருபத்தைந்து கிராம் இரும்பும் ஒரு பிளேடும் போதும். ஆனால் அது மன்னிக்காத கருவி. பிளேடு மெல்லியது, கனம் இல்லாதது, முனை கூர்மையானது. கோணம் கொஞ்சம் தவறினாலும் கீறிவிடும். நிஜமான சவரக்கத்திக்கு முதுகு தடிமன், கனமும் உண்டு. தோலில் அது உட்காரும் விதமே வேறு. அரை பிளேடில் நொந்துபோய் "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் விட்டது வேறொரு கருவியை.

பணம் மிச்சமாகுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன், ஆகாது. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த புதுக் கத்தி ஒன்று நம் ஊருக்கு வந்து சேரும்போது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். வார் தனி, கல் தனி. பெட்டிக்கடையில் ஒரு பிளேடு சில ரூபாய்தான். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர் நல்லதொரு சேஃப்டி ரேசர் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

உலகம் இந்தக் கத்தியைக் கைவிட்டதும் அந்தக் கணக்கில்தான். அமெரிக்காவில் ஜில்லெட் நிறுவனம் விற்பனையைத் தொடங்கிய 1903இல் அந்த வருடம் முழுக்க விற்றது 51 ரேசரும் 168 பிளேடும். அடுத்த வருடமே தொண்ணூறாயிரம் ரேசர்களைத் தாண்டியது. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்கு லட்சக்கணக்கில் அதையே வாங்கிக் கொடுக்க, ஊர் திரும்பியவர்கள் பழைய கத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாரும் கல்லும் தேவைப்படாத கருவி ஒன்று வந்தால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்?

பிறகு எதற்கு?

தோலுக்கு நல்லது என்பது ஒரு காரணம், கீழே சொல்கிறேன். மற்றபடி, காலையில் இருபது நிமிடம் கைபேசியைத் தொடாமல் இருக்க எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

எந்தக் கத்தி வாங்குவது?

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை என்று சொல்வார்கள். புதியவருக்கு 5/8 அல்லது 6/8. அதைவிடக் குறுகியது கையில் நிலையில்லாமல் ஆடும், அகலமானது மூக்கின் கீழ் நுழையாது. முனை உருண்டையாக இருக்க வேண்டும். சதுர முனை பார்க்க மிடுக்காக இருக்கும், அதன் மூலை காது மடலில் படும் வரைக்கும். பக்கங்கள் உட்குழிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். முழுக்குழிவு கத்தி மெல்லியது, மழிக்கும்போது கிர்ரென்று சத்தம் கொடுக்கும். அரைக்குழிவு கொஞ்சம் தடித்தது, அடர்ந்த தாடிக்கு உறுதியாக நிற்கும். இரண்டிலும் பழகலாம்.

ஊர் என்று பார்த்தால் ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்ஸின் தியேர். இந்த மூன்றும் தலைமுறை தலைமுறையாகக் கத்திக்குப் பேர்போனவை. சீனாவிலிருந்து வரும் மலிவான 'கோல்டு டாலர்' கத்தியின் எஃகு மோசமில்லை, ஆனால் தேய்ப்பு ஒழுங்காக இருக்காது. முதுகு ஒரு பக்கம் தடிப்பாக, கைப்பிடியை ஒட்டிய குதிப்பகுதி கல்லில் முட்டுவதாக வரும். கல்லில் வேலை தெரிந்தவருக்கு அது நல்ல விளையாட்டுப் பொருள். முதல் கத்தியாக வேண்டாம்.

எஃகு என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக் கொல்லர், இந்தியாவிலிருந்து போன 'ஊட்ஸ்' எஃகே ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட மேல் என்று தன் வணிக அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். மைக்கேல் ஃபாரடேயும் அவரும் சேர்ந்து அந்த எஃகின் ரகசியத்தைத் தேடிச் செய்த சோதனைகள் 1820இல் வெளிவந்தன. 'ஊட்ஸ்' என்பது கன்னடத்தின் 'உக்கு', நம் 'உருக்கு' ஆகிய சொற்களுக்கு உறவு. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது கிடைத்தவையும் இந்த உருக்குத் தொழிலின் தடயங்கள்தான். இப்போது சோலிங்கனிலிருந்து நாம் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்.

பழைய கத்தி ஒன்று வீட்டில் கிடக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் முடியும். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முதுகிலும் பக்கத்திலும் துருக்கறை இருந்தால் பரவாயில்லை. கூர் விளிம்பை ஒட்டிப் புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். கல்லில் வைத்தால் அந்த இடம் பொடிப்பொடியாக உதிரும். விளிம்பில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் அதோடு அதன் கதை முடிந்தது. விளிம்பு நேராகவோ லேசாக வெளிப்புறம் வளைந்தோ இருக்கலாம், உட்புறம் குழிந்திருந்தால் பழகுவதற்கு ஆகாது. யார் யார் முகத்தில் பட்டதோ தெரியாது, ஆகவே சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு மருந்துக்கடை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நன்றாக ஊறவிட்டுத் துடையுங்கள். பிளீச்சிங் தண்ணீரில் போடாதீர்கள், எஃகைத் தின்றுவிடும். கைப்பிடி மாட்டுக்கொம்பாகவோ பழைய செல்லுலாய்டாகவோ இருந்தால் கொதிநீரும் கூடாது.

புதுக் கத்தி கூராகத்தானே வரும்?

இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பெட்டியில் 'பயன்படுத்தத் தயார்' என்று அச்சிட்டிருப்பார்கள். நான் வாங்கிய முதல் கத்தியிலும் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் கன்னத்தில் வைத்து இழுத்தேன். முடி அறுபடவில்லை, வேரோடு பிடுங்கியதுபோல் கண்ணில் தண்ணீர் வந்தது. என் கைதான் சரியில்லை என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். கல்லில் வேலை தெரிந்த ஒருவர் அந்தக் கத்தியை வாங்கித் தீட்டிக் கொடுத்தார். அன்று அதே கை, அதே கன்னம். நுரையைத் துடைத்ததுபோல் போனது.

ஆகவே கத்தி வந்ததும் சோதியுங்கள். முன்கையில், தோலிலிருந்து அரை சென்டிமீட்டர் உயரத்தில், தோலைத் தொடாமல் கத்தியை ஓட்டினால் முடி நுனிகள் தெறித்து விழ வேண்டும். விழவில்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் கூரை மட்டும் காசு கொடுத்தாவது தெரிந்தவரிடம் போட்டு வாங்குங்கள். கூரான கத்தி எப்படி இருக்கும் என்று தெரியாமல் ஒருவன் எதை நோக்கிப் பழகுவான்?

தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அவர் சக்கரத்தில் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் நல்ல கூர் வரும். சவரக்கத்தியின் விளிம்பு காகிதத்தைவிட மெல்லியது. சக்கரத்தில் பறக்கிற பொறியே போதும், அந்தச் சூட்டில் எஃகின் பதம் இறங்கிவிடும். பதம் இறங்கிய கத்தியில் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

சவரக்கத்திக்கு வேண்டியது தட்டையான தண்ணீர்க் கல். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி படுக்கவைத்துத் தேய்ப்பார்கள். கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும், நீங்கள் எதுவும் அளக்க வேண்டாம். 1000 எண் கல்லில் விளிம்பை உருவாக்கி, 4000, 8000 என்று ஏறி, 12000இல் முடிப்பது ஒரு வழக்கமான வரிசை. எண் கூடக்கூடக் கல் நயமாகும். நீங்கள் முதல் வருடத்தில் இதில் இறங்காதீர்கள். பழகியபின் 12000 கல் ஒன்று மட்டும் வைத்துக்கொண்டால், சில மாதத்துக்கு ஒருமுறை லேசாகத் தொட்டு எடுக்கலாம்.

வார் எதற்கு? கல்லில் தீட்டினால் போதாதா?

கல் கூரைப் பிறப்பிக்கும். வார் அதை அன்றாடம் நேர்செய்யும். ஒவ்வொரு முறை மழித்தபின்னும் விளிம்பு நுண்ணிய அளவில் கோணிக்கொள்கிறது, துரும்பு ஒட்டுகிறது. தோலில் இழுப்பதால் அது நிமிர்ந்து வழவழப்பாகிறது. மழிப்பதற்கு முன் ஒவ்வொரு நாளும் வார் பிடிக்க வேண்டும். இதில் விலக்கு இல்லை.

செய்முறையை நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் வித்தை. வாரின் ஒரு முனையைக் கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டி, மறுமுனையை இடக்கையால் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் விளிம்பு உருண்டுவிடும். கத்தியின் கழுத்தை, அதாவது விளிம்புக்கும் மூட்டு ஆணிக்கும் நடுவில் உள்ள பகுதியை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பென்சில்போல் பிடித்து, தோலின் மேல் தட்டையாகப் படுக்கவையுங்கள். முதுகும் விளிம்பும் இரண்டுமே தோலில் இருக்க வேண்டும். இப்போது முதுகு முன்னே, விளிம்பு பின்னே போகும்படி உங்களைவிட்டு அந்தப் பக்கம் தள்ளுங்கள். முனைக்கு வந்ததும் நிறுத்துங்கள். நிறுத்தியபின், முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், விளிம்பு வானத்தைப் பார்த்துச் சுற்றி வரும்படி விரலால் உருட்டித் திருப்புங்கள். மறுபக்கம் படுத்ததும் உங்களை நோக்கி இழுங்கள். மணிக்கட்டு திரும்பக் கூடாது, விரல்களுக்கு நடுவில் கத்திதான் திரும்ப வேண்டும்.

போய் வந்தது ஒரு சுற்று. வாரில் ஒரு பக்கம் துணி, மறுபக்கம் தோல் இருக்கும். துணிப் பக்கத்தில் இருபது, தோல் பக்கத்தில் ஐம்பது. அழுத்தம் கத்தியின் கனம் மட்டும்.

நான் மூன்றாம் நாளே, சலூனில் பார்த்த வேகத்தில் சடசடவென்று இழுத்தேன். திருப்பும்போது முதுகுக்குப் பதில் விளிம்பில் உருட்டிவிட்டேன். வார் நடுவில் ஒரு அங்குலத்துக்கு வாயைத் திறந்துகொண்டது, கத்தியும் மழுங்கியது. ஆகவே முதல் வார் மலிவாகவே இருக்கட்டும், எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள். இன்னொரு உபாயம் உண்டு. உணவுமேசைக் கத்தி ஒன்றை எடுத்து, பழைய பெல்ட்டில் டிவி பார்த்துக்கொண்டே ஒரு வாரம் திருப்பிப் பழகுங்கள். விரலுக்கு அந்தத் திருப்பம் பிடிபட்டபின் நிஜக் கத்தி. வேகம் தானாக வரும், வரவில்லையென்றாலும் கெட்டுப்போவது எதுவுமில்லை.

சரியாகப் பிடித்தால் கேட்கும் சத்தம் ஒன்று இருக்கிறது. மெல்லிய, ஒரே சீரான 'ஸ்ஸ்ர்ர்'. அது இடையில் மாறினால் கை எங்கோ சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நுரை சரியாக வரமாட்டேன் என்கிறது. சோப்பு சரியில்லையா?

தண்ணீரைப் பாருங்கள். போர்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்து திரிதிரியாகத் திரிந்துவிடும், நுரை நிற்காது. சென்னையின் பல பகுதிகளில் இதுதான் கதை. குடிக்கிற கேன் தண்ணீரில் அரை டம்ளரைச் சூடுபண்ணி, பிரஷை அதில் நனைத்து அடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். கெட்டித் தயிரைக் கடைந்ததுபோல், பிரஷைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்க வேண்டும். பஞ்சுமிட்டாய்போல் உப்பிப் பறக்கிற நுரை கத்திக்கு உதவாது, தண்ணீர் பிடித்த வழுவழுப்புத்தான் வேண்டும். டப்பாவை அமுக்கினால் வரும் நுரையில் அந்த வழுவழுப்புக் குறைவு.

குளித்துவிட்டு வந்து மழியுங்கள். வெந்நீரில் சில நிமிடம் ஊறிய முடி காய்ந்த முடியைவிட எவ்வளவோ எளிதாக அறுபடும்.

எப்படிப் பிடிப்பது?

கைப்பிடியைக் கத்திக்குச் செங்குத்தாகவோ இன்னும் பின்னுக்கு மடக்கியோ வைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் கழுத்தின் மேல் மூன்று விரல், வால்போல் வளைந்த நுனியில் சுண்டுவிரல், அடியில் கட்டைவிரல். கைப்பிடி என்று பெயரே ஒழிய, அதைப் பிடிப்பதில்லை. அது விளிம்பை மூடிவைக்கும் உறை மட்டும். விரல் நுனியால் பிடியுங்கள், முஷ்டியால் அல்ல.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

வலது கன்னத்தை மட்டும் மழியுங்கள். மீதி முகத்தை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இப்படியே. பிறகு இடது கன்னம். அதன்பிறகு கழுத்து. கடைசியில் மோவாயும் மேலுதடும். முதல் நாளே முழு முகமும் என்று இறங்குகிறவர்கள்தான் இரண்டாம் நாள் கத்தியைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

கன்னத்துக்கு வருவோம். இடக்கை தலைக்கு மேலாக வந்து, கிருதாவுக்குச் சற்று மேலே தோலை மேல்நோக்கி இழுக்கட்டும். விரலில் நுரை பட்டால் வழுக்கும், ஆகவே அந்த இடத்தையும் விரலையும் துடைத்துக்கொள்ளுங்கள். கத்தியை முதலில் தோலில் முழுக்கப் படுக்கவையுங்கள். பிறகு முதுகை மட்டும் தூக்குங்கள். முதுகின் தடிமனைப்போல் இரண்டு பங்கு இடைவெளி வந்தால் ஏறக்குறைய முப்பது பாகைக் கோணம். அதற்குமேல் நிமிர்த்தினால் சுரண்டும், குறைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். இப்போது கீழ்நோக்கி ஒரு அங்குலம் விடுங்கள். நிறுத்துங்கள். எடுங்கள். மறுபடி ஒரு அங்குலம். மணலில் நடப்பதுபோல் சன்னமான நறநறப்புச் சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது.

எங்கள் தெருமுனை சலூன்காரர் அறுபதைத் தாண்டியவர், பழைய கத்தியில் தொழில் கற்றவர். நான் கன்னத்தில் கீறல்களோடு போய் உட்கார்ந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "தம்பி, வலது கையில பலம் காட்டாத. பலமெல்லாம் இடது கையில. தோலு தப்பட்டை மாதிரி விறைப்பா இருந்தா கத்தி அதுபாட்டுக்கு ஓடும்" என்றார். எனக்கு யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தந்ததில்லை.

கழுத்து அறுபடாதா?

கத்தி எப்போது வெட்டும் என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். அரிவாள்மனையில் தக்காளியை நேராக அழுத்தினால் நசுங்கும், லேசாக இழுத்தால்தான் அறுபடும். முகத்திலும் அதே கதைதான். விளிம்புக்குக் குறுக்காக, செங்குத்தாக நகர்த்தும்வரை கத்தி முடியைத்தான் வெட்டும். விளிம்பின் நீளவாக்கில், பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் வழுக்கினாலும் தோலைத் திறந்துவிடும். ஆகவே கத்தி தோலில் இருக்கும்போது பக்கவாட்டு அசைவே கூடாது. யாராவது கதவைத் தட்டினால் முதலில் கத்தியை முகத்திலிருந்து எடுங்கள், பிறகு திரும்பிப் பாருங்கள். கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். கத்தி போனால் போகட்டும்.

ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்தவை எல்லாம் பொட்டுப் பொட்டான கீறல்கள், தவிர காது மடலில் ஒரு வெட்டு. தொண்டைப் பக்கம் எதுவும் இல்லை. அங்கே எல்லாரும் பயந்து பயந்து செய்வதால் ஒன்றும் ஆவதில்லை என்று நினைக்கிறேன்.

குரல்வளை மேட்டையும் மோவாயையும் எப்படிச் சமாளிப்பது?

குரல்வளை மேட்டின் மேலேயே மழிக்க வேண்டாம். எச்சிலை விழுங்குவதுபோல் செய்து, அல்லது தோலை விரலால் பக்கவாட்டில் இழுத்து, தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து மழியுங்கள். மோவாய் வளைவில் உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கவ்விக்கொண்டால் தோல் விறைக்கும். அங்கே அரை அங்குலத்துக்குமேல் ஒரே இழுப்பில் போகாதீர்கள். மேலுதட்டுக்கு மூக்கு நுனியை விரலால் தூக்க வேண்டும். மீசை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நம் ஊரில் பாதிப் பேர் தப்பித்தார்கள்.

இடது கன்னத்துக்குக் கையை மாற்ற வேண்டுமா?

மாற்றுவதே நல்லது என்பது என் கட்சி. இடக்கையில் ஒரு மாதம் கேவலமாக இருக்கும், பிறகு கண்ணாடியை மறைக்காமல் சௌகரியமாக இருக்கும். வலக்கையையே முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள், தவறில்லை.

எதிர்வாட்டத்தில் எப்போது மழிக்கலாம்?

முடி சாய்ந்து வளரும் திசையில் போவது வாட்டம். விரலால் தடவிப் பார்த்தால் எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று தெரியும். கழுத்தில் அது சுழன்று சுழன்று மாறும். முதல் ஒரு மாதம் வாட்டத்தில் ஒரே முறை போதும். பிறகு மறுபடி நுரை பூசிக் குறுக்கு வாட்டத்தில் இரண்டாம் முறை. எதிர்வாட்டம் மூன்று மாதத்துக்குப் பிறகு, அதுவும் கன்னத்தில் மட்டும். கண்ணாடிபோல் வழவழப்பு வேண்டும் என்கிற ஆசையால் வந்த எரிச்சல்தான் அதிகம்.

வெட்டுப்பட்டால்?

குளிர்ந்த தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். பிறகு படிகாரம். நாட்டு மருந்துக்கடையில் கேட்டால் கட்டியாகக் கொடுப்பார்கள். கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுவார்களே, அதே கல். நனைத்து முகம் முழுக்கத் தடவினால் சின்னக் கீறல்களில் ரத்தம் நிற்கும். அதோடு அது நல்ல வாத்தியாரும்கூட. எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். அடுத்த நாள் அந்த இடத்தில் கையை இலேசாக்குங்கள். கொஞ்ச நேரம் விட்டு முகத்தைக் கழுவிவிடுங்கள்.

பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால் படிகாரத்தோடு மல்லுக்கட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம்.

பருவும் உள்ளே வளரும் முடியும் இருக்கிறது. இது உதவுமா?

பல அடுக்கு பிளேடு ரேசர்கள் முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடும். சுருட்டை முடிக்காரர்களுக்கு அது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளர்வதால் கொப்புளம் வரும். ஒற்றை விளிம்பில், வாட்டத்தில் மட்டும் மழித்தால் அது குறையும். எனக்குக் கழுத்தில் இருந்த சிவப்பு மணிகள் போனது இப்படித்தான். ஆனால் சீழ் வைத்த பரு இருக்கும்போது கத்தி கூடாது. ஆறும்வரை தாடி வளர்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

துருப்பிடிக்குமா?

கார்பன் எஃகுக்கு ஈரம் எமன். கார்த்திகை மழைக் காலத்தில் சென்னையில் ஒரே இரவில் விளிம்பில் பழுப்புக் கோடு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். மழித்ததும் வெந்நீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். துணியை விளிம்பின் நீளத்துக்கு ஓட்டினால் துணியும் போகும், விரலும் போகும். ஆணி இருக்கும் மூட்டிலும் கைப்பிடிக்குள்ளும் தண்ணீர் ஒளிந்துகொள்ளும், ஆகவே அரை மணி நேரம் திறந்தே காயவிட்டு மடக்குங்கள். குளியலறையில் வைக்காதீர்கள்.

தினமும் உபயோகித்தால் அவ்வளவுதான். ஒரு வாரம் ஊருக்குப் போவதென்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவிவிட்டுப் போங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆக மூட்டில் பிசுக்கேறும். செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை நான் தூக்கிப் போடுவதில்லை, கத்திப் பெட்டிக்குள் போட்டு வைக்கிறேன்.

முடி இவ்வளவு மெத்தென்று இருக்கிறது, எஃகு எப்படி மழுங்குகிறது?

நியாயமான கேள்விதான். எஃகைவிட முடி சுமார் ஐம்பது மடங்கு மென்மையானது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கடையில் கிடைக்கும் ரேசர்களை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். விளிம்பு சீராகத் தேய்ந்து உருள்வதைவிட, முடி வளைந்துகொடுத்துச் சாய்வாகப் படும்போது எஃகின் உள்ளமைப்பு சீரில்லாத இடங்களில் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்துபோகிறது என்பதே அவர்கள் கண்டது. அவர்கள் பார்த்தது சவரக்கத்தி அல்ல. இருந்தாலும் ஊறாத முடியில் கத்தி வைத்த அடுத்த நாள் என் கத்தியில் வித்தியாசம் தெரிகிறது.

நல்ல கையில் ஒரு கூர் மூன்று முதல் ஆறு மாதம் வரும். பழகுகிற கையில் சில வாரம்தான். காரணம் முகம் அல்ல, வார்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பூட்டு. வேறு பதில் இல்லை. வாரையும் மாட்டியே விடாமல் கழற்றி வையுங்கள். கொக்கியில் தொங்கினால் அது குழந்தைகளுக்கு ஊஞ்சல்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் கூடாது, வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம், உறையில் நன்றாகச் சுற்றி. சோதனை செய்பவர் கையை விட்டுத் துழாவுவார் என்பதை நினைவில் வையுங்கள்.

எத்தனை நாளில் கை வரும்?

தினமும் செய்தால் முப்பது நாளில் முகம் பழகும், நூறு நாளில் வார் பழகும். இப்போது எனக்கு வெந்நீர் வைப்பதிலிருந்து கத்தியைத் துடைத்து வைப்பது வரை இருபது நிமிடம். எட்டு மணிக்கு மீட்டிங் இருக்கிற நாட்களில் சேஃப்டி ரேசரில் நாலே நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடுகிறேன்.